பக்கத்து வீட்டுக்காகத் திறந்த ஓடு

கொரோனாக் கட்டுப்பாடுகள் எல்லாம் எடுபட்டபின் வந்த இரண்டாவது குளிர்காலம் அது. லண்டன் பிளேஸ்டோவில், இப்போதும் நாங்கள் இருக்கும் அதே வீட்டில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணியளவில் நடந்தது. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. இதை என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

எங்கள் தெருவில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய பழைய வீடுகள். இடது பக்கத்து வீட்டில் ஒரு வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஸ்பெயின்காரர் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தோம். ஒருநாள் வேலிக்கு மேலால் அந்த அம்மா என்னைத் திருத்தினார். தாங்கள் ஸ்பானியரும் இல்லை, பிரெஞ்சுக்காரரும் இல்லை, இரண்டு நாட்டுக்கும் இடையில் கிடக்கும் மலைகளில் வாழும் பாஸ்க் மக்கள் என்றார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் சொந்த மொழி பேசிப் பிடிபட்டால் கையில் ஒரு மோதிரத்தைக் கொடுப்பார்களாம். அடுத்துப் பேசுகிற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் மோதிரம் அந்தப் பிள்ளைக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் விடும்போது யார் கையில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. அதைக் கேட்ட பிறகு அவர்களைக் கண்டால் தலையசைக்காமல் நான் போனதில்லை. அதற்கு மேல் பேச எனக்கு வராது.

அவர்கள் வாசல் கதவில் தட்டு அளவில் ஒரு காய்ந்த முட்பூவை ஆணியடித்து வைத்திருந்தார்கள். சூரியப்பூ என்பார்களாம். இருட்டில் வருகிற கெட்டதுகள் அந்தப் பூவின் முடிகளை எல்லாம் எண்ணி முடித்தால்தான் உள்ளே வரலாம். எண்ணி முடிவதற்குள் விடிந்துவிடும். இதை வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "எண்ணத் தெரியாத பேயெண்டால் என்ன செய்வினம்?"

அந்தக் குளிர்காலத்தில் சிரிப்பு நின்றுபோனது. மனைவிக்கு நியூமோனியா வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூச்சு முட்டினால் உடனே திரும்பக் கொண்டுவரச் சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள். வெயர்ஹவுஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான் கூட இருந்தேன். பின் அறைச் சுவரில் ஈரம் என்பதால் மாடியில் தெருப்பக்கத்து அறையில்தான் அவளைப் படுக்கவைத்தேன். அதே சுவருக்கு மற்றப் பக்கத்தில் பக்கத்து வீட்டு ஐயா சாகக் கிடந்தார். இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று அவரையும் ஆஸ்பத்திரியால் அனுப்பியிருந்தார்கள். தினமும் வந்து பார்க்கும் நேர்ஸ் கேற்றடியில் என்னைக் கண்டால், இன்றோ நாளையோ என்பார். ஒன்பது நாளாக அதையே சொன்னார்.

அவருடைய மூச்சு சுவரால் கேட்டது. நிலத்தில் ஒரு பெட்டியை இழுப்பது போல நீளமாக இழுபடும். பிறகு நிற்கும். நாங்களும் அசையாமல் இருப்போம். முடிந்தது என்று நினைக்கும்போது திரும்ப இழுக்கும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, அவர் இழுக்கேக்கைதான் எனக்கும் மூச்சு வருது."

"விசர்க்கதை கதையாதையும்" என்றேன். ஆனாலும் கட்டிலைச் சுவரை விட்டு மறுபக்கத்துக்கு நகர்த்தினேன். அன்று அவள் நித்திரையானபின் கதவடியில் நின்று கேட்டேன். இரண்டு மூச்சும் ஒன்றாக எழும்பி ஒன்றாக நின்றன. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் பின்னேரம் அந்த அம்மா எங்கள் மணியை அடித்தார். கறுப்பு உடுப்பு அப்போதே போட்டிருந்தார். அழவில்லை. தங்கள் ஊரில் ஒருவருக்கு உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருந்தால் கூரையில் ஒரு ஓடு நீக்கி உயிர் போக வழி விடுவார்கள் என்றார். கோயிலுக்குப் போகும் பக்கத்தில் உள்ள அடுத்த வீட்டுக்காரரை முதல் அயலார் என்பார்களாம். சாவு வீட்டில் பல வேலைகள் அவர்களுடைய கடமை. தாங்கள் போகும் தேவாலயம் எங்கள் வீடு இருக்கும் திசையில்தான் இருக்கிறது என்றார். "பன்னிரண்டு வருடமாக எங்கள் முதல் அயலார் நீங்கள்தான்" என்றார். எனக்கு அது தெரியாது.

அவர்கள் வீட்டில் லொஃப்டுக்கு, முகட்டுக்கும் கூரைக்கும் இடைப்பட்ட இடத்துக்கு, ஏறும் மூடி பெயின்ற் அடித்து அடித்து ஒட்டிப்போயிருந்தது. ஆனால் இந்தப் பழைய வீடுகளில் கூரைக்குக் கீழே வீட்டுக்கு வீடு சுவர் இல்லை. எங்கள் மூடியால் ஏறி அந்தப் பக்கம் போகலாம். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஓகே என்றேன்.

ஏணியைக் கண்டதும் மனைவி, "என்னப்பா, கூரையை உடைக்கப் போறீங்களோ?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"விழுந்து கிழுந்து துலையாதேங்கோ. இப்ப ஆரையும் தூக்கிற நிலையில நான் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

மேலே ஏறி போன் டோர்ச்சைப் பிடித்தேன். வெளிச்சம் போய் முட்ட ஒரு சுவர் இல்லை. தெருவின் கடைசி வீடு வரைக்கும் ஒரே இருட்டு. இத்தனை குடும்பங்களும் ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழும்புகிறோம் என்று அன்றுதான் கண்டேன். மரச் சட்டங்களில் மட்டும்தான் கால் வைக்கலாம். பிசகினால் கீழே அறைக்குள் விழவேண்டியதுதான். தண்ணீர்த் தாங்கியைச் சுற்றித் தவழ்ந்ததில் எந்தப் பக்கம் எது என்று குழம்பிவிட்டது. அப்போது கீழே மூச்சுக் கேட்டது. அந்த இழுவை, அந்த நிறுத்தம். அதைக் கேட்டுக்கொண்டே போனேன். நேர் கீழே கேட்ட இடத்தில் நின்று, இரண்டு கையாலும் ஓடு ஒன்றை உயர்த்தி அதற்கு மேலுள்ள ஓட்டின் அடியில் தள்ளினேன்.

குளிர் முகத்தில் அடிக்கும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. காற்று உள்ளிருந்து வெளியே போனது. வெளிச்சத்தில் தூசி மெல்ல எழும்பி அந்த வழியால் போவது தெரிந்தது. கீழே மூச்சு நின்றது. திரும்ப வரவில்லை.

ஐயா போய்விட்டார் என்று தலையைக் குனிந்தேன். திறந்த இடத்தால் வந்த வெளிச்சம் காலடியில் ஒரு சிவப்பு சூட்கேஸில் விழுந்திருந்தது. அதில் என் கையெழுத்தில் மனைவியின் பெயர்.

நான் நின்றது எங்கள் அறைக்கு மேலே.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. தள்ளிய ஓட்டைத் திரும்ப இழுத்தேன், வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். விரல் கிழிந்து இரத்தம் ஓட்டில் பட்டு வழுக்கியது. கால் ஒன்றைச் சட்டத்தில் ஊன்றி முழுப் பலத்தோடும் இழுத்தபோது அது சரிந்து தன் இடத்தில் விழுந்தது. ஏணியால் எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை.

மனைவி கட்டிலில் எழும்பி இருந்து முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆரோ மேல இருந்து கூப்பிட்டது" என்றாள். "நான் இல்லை, பக்கத்து வீடு எண்டு சொன்னனான்."

"நான்தானப்பா கூப்பிட்டனான்."

"உங்கட குரல் எனக்குத் தெரியாதோ?" என்றாள். "நீங்கள் கத்தினது அதுக்குப் பிறகு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஐயாவின் மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. மனைவியின் மூச்சு அதோடு சேராமல் சின்னதாக, வேகமாக, தன்பாட்டில் போனது. நான் செய்த பிழையைச் சொன்னேன்.

"போய் அவருக்குத் திறந்து விடுங்கோ. பாவம், வழி தெரியாமல் நிக்கிறார்."

"ஏலாது. இனி நான் ஏற மாட்டன்."

"ஏறுங்கோ. நான் கதைச்சுக்கொண்டு இருக்கிறன். என்ர குரல் கீழ கேட்டால் அது எங்கட வீடு. தாண்டிப் போங்கோ."

ஏறினேன். அவள் பேசத் தொடங்கினாள். இரண்டு சொல்லுக்கு ஒரு இருமல். எங்கள் கலியாணத்தில் என் பெரியப்பா சாப்பாட்டைக் குறை சொன்னதில் தொடங்கி, நான் இன்னும் திருத்தாத பின்கதவு, கழுவாமல் வைக்கும் தேத்தண்ணிக் கோப்பை என்று ஒவ்வொன்றாக எடுத்து ஏசினாள். அந்த ஏச்சு எனக்கு நேர் கீழே கேட்டது. தவழ்ந்து போகப் போக அது பின்னால் போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் புகைபோக்கியைத் தாண்டியபோது மெல்லியதாகத்தான் கேட்டது. இப்போது கீழே இருந்தது மற்ற மூச்சு.

ஓட்டைத் தள்ளினேன். மழை மேகத்தின் சாம்பல் வெளிச்சம் உள்ளே வந்தது. கீழே ஒரு மூச்சு நீளமாக இழுபட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த அம்மா தன் மொழியில் ஏதோ சொன்னார், கோபமில்லாமல், ஒருவரை வழியனுப்புகிற மாதிரி. என் கழுத்துப் பக்கம் உரசிக்கொண்டு ஏதோ போனது. காற்றாகத்தான் இருக்கும். தூரத்தில் என் மனைவி இன்னும் ஏசிக்கொண்டே இருந்தாள். அந்த ஓட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாள் காலையில் போய் மூடினேன்.

அடக்கத்தின்போது அந்த அம்மா என்னை உறவினர்களுக்கெல்லாம் முன்னால் நடக்கவிட்டார். அதுவும் முதல் அயலாரின் இடமாம். தலையைக் குனிந்தபடி நடந்தேன். ஓடு மாறிய கதையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடம் அவர் தன் ஊருக்கே போய்விட்டார்.

மனைவி இரண்டு மாதத்தில் தேறினாள். நெஞ்சுச் சளி அந்த வாரம் எப்படியும் குறையத்தான் இருந்தது என்று டொக்டர் சொன்னார். இருக்கலாம். மேலே இருந்து கூப்பிட்டது யார் என்று நாங்கள் பிறகு பேசியதில்லை.

என்னை உறுத்துவது வேறு. அரைத் தூக்கத்திலும் அவள் என் குரலைப் பிரித்து அறிந்தாள்; இருபத்தாறு வருடம் பக்கத்தில் படுத்த நான், அவள் மூச்சை இன்னொருவருடையது என்று நினைத்துக் கூரையைத் திறந்துவிட்டேன். இப்போது வேலை முடிந்து வரும்போது அவள் கண்ணயர்ந்திருந்தால், எழுப்பாமல் பக்கத்தில் இருந்து அந்த மூச்சைக் கேட்கிறேன், எந்த இருட்டில் கேட்டாலும் அது அவளுடையது என்று இனி எனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.