எடிசன், ஃபிரிஸ்கோ, சான் ஹோசே: எந்த ஊரில் நடந்து போகலாம்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. போன பங்குனியில் நானும் சரோஜாவும் அமெரிக்கா வந்தோம். பெரியவன் நியூ ஜெர்சி எடிசனில், சின்னவன் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில், மகள் கவிதா சான் ஹோசேயில். கைக்குழந்தைக்காரி என்பதால் கவிதா அம்மாவை நேரே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் மகன்கள் வீட்டுக்கு. "எந்த ஊர் பிடிக்குதுன்னு பாருங்கப்பா, ரெண்டு பேரும் அங்கயே இருந்துடலாம்" என்றார்கள். அதற்குத்தான் இந்தச் சுற்று.

எடிசனில் பழைய அபார்ட்மென்ட், மாடி வீடு. ஆனால் பத்து நிமிஷ நடையில் காய்கறிக் கடை, முருங்கைக்காய்கூடக் கிடைக்கும். நீலத் தபால் பெட்டியில் இடது, பெட்ரோல் பங்கில் வலது. தனியாகவே போய்வந்தேன். பனிக்காலம் கஷ்டம் என்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

எடிசன் பக்கத்து நெவார்க்கிலிருந்து ஃபிரிஸ்கோ பக்கத்து டல்லஸுக்கு விமானத்தில் நாலு மணி நேரம். ஃபிரிஸ்கோ வீடு அரண்மனை. எனக்கே தனி ரூம், தனி பாத்ரூம். அனுமார் கோயிலுக்குக் காரில்தான் போகணும். ஒரு சாயங்காலம் நடந்துவிட்டுத் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினேன். உள்ளே முன்பின் தெரியாத பெண்.

"அங்கிள், இது உங்க வீடு இல்ல. இங்க எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். உட்காருங்க, காபி போடறேன். எங்க மாமனாரும் இப்படித்தான், ஒரு நாள் வீடு மாறி எதிர்வீட்டு சோபாவுல போய்ப் படுத்துட்டார்!"

"இப்ப எங்கம்மா அவரு?"

"ஈரோட்டுக்கே போயிட்டார், அங்கிள்."

அதிலிருந்து மகன் என்னைத் தனியாக வெளியே விடவில்லை.

அமெரிக்கா வந்து நாலு மாசம் கழித்து சான் ஹோசே. இதமான வெயில், அகலமான நடைபாதை, பக்கத்திலேயே பார்க், ஆனால் கடைக்குக் கார்தான். வீட்டில் ரெண்டே ரூம், எனக்கு ஹால். மூன்று ஊரையும் ஒப்பிட்டு சரோஜாவிடம் பெருமையாகச் சொன்னேன். குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே கேட்டவள், "நீங்க மூணு ஊர் பாத்துட்டீங்க. நான் இந்த ஜன்னலைத்தான் பாத்தேன்" என்றாள்.

கவிதா லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். "வீக்கெண்ட்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேனேம்மா."

"எந்த வீக்கெண்ட்டுடி?"

கவிதா லேப்டாப்பை மூடினாள். நான்தான், "நாளைக்குக் காலையில கொஞ்ச நேரம் குழந்தையை நீ பாத்துக்கம்மா, நாங்க நடந்துட்டு வர்றோம்" என்றேன்.

எடிசன்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், நானும் சரோஜாவும் சேர்ந்துதான் இருப்போம். டேகேரில் குழந்தைக்கு இடம் கிடைக்கும்வரை நான் இந்த ஹாலில்தான். அப்பா அம்மாவைக் கூட்டிவருகிறவர்கள் ரூமைக் காட்டுமுன் பக்கத்துக் கடைக்கு அவர்களே போய்வர முடியுமா என்று பாருங்கள். ஒருத்தரை ஒரு ஊரிலும் இன்னொருத்தரை வேறு ஊரிலும் வைக்காதீர்கள்.

கவிதாவிடம் அப்படிச் சொன்ன மறுநாள் காலை, நடக்கக் கிளம்பும்போது சரோஜாவின் செருப்பைத் தேடினோம். அமெரிக்காவில் நடக்க வேண்டியிருக்கும் என்று ஊரில் ஆசையாக வாங்கியது. பெட்டியின் அடியில், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் கிடந்தது.