செசிலோடு நடந்த ஞாயிறுகள்

கோசலையின் கணவர் குணரத்தினம் கொரோனாக் காலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பெட்டியை மூடியாயிற்று என்று தொலைபேசியில் சொன்னார்கள். முகம் பார்க்க விடவில்லை. அதன் பிறகு பிரெஞ்சுத் தலைநகரின் ஓரத்தில் லா கூர்னெவ் வீடும், நகருக்குள் லா சப்பலில் அவள் வேலை செய்யும் மரக்கறிக் கடையும் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. லண்டனில் இருக்கும் மகன், "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று கேட்பதோடு பேச்சை முடித்துக்கொள்வான்.

கடைக்கு இஞ்சி வாங்க வருவார் செசில் என்ற யூத மூதாட்டி. பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. விலையைக் கோசலைதான் வாசித்துச் சொல்வாள்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?" என்று ஒருநாள் செசில் கேட்டார்.

"நித்திரை" என்றாள் கோசலை, தெரிந்த பிரெஞ்சில்.

"எங்கள் யூத நடைக் கழகம் காட்டுக்குப் போகும். என்னைப் போன்றவர்களுக்குக் கை கொடுக்கத் தொண்டர்கள் போதவில்லை."

"நான் யூதர் இல்லையே."

"எனக்கு வேண்டியது ஒரு கை."

முதல் ஞாயிறே மழை. மொன்மொரான்சிக் காட்டில் செசில் அவள் முழங்கையைப் பற்றி நடந்தார். பாதையில் ஒரு வேர் குறுக்கிட, பிரெஞ்சு வாயில் வராமல், கோசலை தமிழிலேயே "கவனம்!" என்று கத்திவிட்டாள். செசில் சட்டென்று நின்றார். அன்றிலிருந்து கழகத்தில் எல்லோரும் அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டார்கள். அவள் சுட்டுக்கொண்டு போன வடையை, வேற்றார் அடுப்பில் சுட்டதென்பதால், அவர்களுடைய உணவு விதிப்படி சாப்பிட முடியாது. செசில் அதை மணந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு கோசலை, அடுப்பே தேவைப்படாத, உரித்துத் தின்னும் தோடம்பழம் கொண்டுபோனாள்.

ஒருநாள் செசில் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். தான் கைக்குழந்தையாக இருந்தபோது, போர்க்காலத்தில், யூதர் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். முகம் நினைவில்லை.

"நானும் என்ரை மனுசன்ரை முகத்தைக் கடைசியாப் பாக்கேல்லை" என்றாள் கோசலை, தமிழில். செசிலின் பிடி சற்று இறுகியது.

பிறகு காலம் கெட்டது; யூதர்களைத் தாக்குகிறார்கள் என்று செய்திகள் வந்தன. கூடும் இடத்தை முதல்நாள்தான் கைத்தொலைபேசியில் அறிவித்தார்கள்.

"அக்கா, உங்களுக்கேன் உந்தச் சோலி?" என்றான் கடை முதலாளி தனூஜன். "அங்கை ஏதும் நடந்தால்?"

"நடந்தால் நடக்கட்டும். அந்த மனிசி என்னை நம்பியெல்லோ காலை வைக்குது."

அந்த மாரிக் குளிரில் செசிலுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கோசலை பார்க்கப் போவதற்குள், எல்லாம் முடிந்துவிட்டதென்று கழகத்தை நடத்தும் லூடோவிக் தொலைபேசியில் சொன்னான்.

பந்தான் மயானத்தில், யூத வழக்கப்படி, மண்வெட்டியைக் கைமாற்றிக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் மண் போட்டுவிட்டு, அதைக் குவியலில் குத்திவிட்டு விலகினார்கள். கோசலையின் ஊரில் பெண்கள் சுடலைக்கே போவதில்லை. அவள் தயங்கி நின்று, பிறகு மண்வெட்டியைப் பிடுங்கினாள். ஈரமண் பெட்டிப் பலகையில் சத்தத்தோடு விழுந்தது. மறுபடி அள்ளினாள். மறுபடியும். நிறுத்த முடியவில்லை. யாருக்காகப் போடுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

லூடோவிக் தோளைத் தொட்டான். "மற்றவர்களும் போட வேண்டும், கோசலை."

சில வாரங்கள் அவள் காட்டுப் பக்கம் போகவில்லை. புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், விபத்தில் கண் போனவர், துணைக்கு ஆளில்லை என்று லூடோவிக் மறுபடி அழைத்தபோது சரி என்றாள்.

அந்த ஞாயிறு காட்டில் அந்த மனிதரோடு நடந்தாள். அவருடைய விரல்கள் அவள் முழங்கையை நோகப் பிடித்தன. பாதி வழியில் வானம் இருண்டது.

"தூறுகிறது" என்றாள்.

"தெரிகிறது. எனக்கும் தோல் இருக்கிறது" என்றார் அவர் எரிச்சலோடு. பிடியை விடவில்லை. இருவரும் நடந்தார்கள்.