நான் ஒப்புக்கொடுத்த வாழைக்காய்

"நோகுதோ, மாஸ்டர்?"

போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மேல்வயிற்றை அமுக்கிக் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், விரல்கள் இரும்பு. இல்லை என்றேன். இன்னும் அழுத்தினார். இல்லவே இல்லை!

மறுநாள் காலை என் வயிற்றைக் கீற வேண்டியவர், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வராந்தாவரை மலேரியாக்காரர்கள் காத்துக் கிடக்க, அவருக்கு என்னை விட்டு எழுந்திருக்க மனமில்லை.

விஷயம் இதுதான். வயிற்றுப் புண் எனக்கு நெடுநாள் உறவு. பாலும் ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளைப் பவுடருமாகக் காலம் தள்ளினேன். நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் இரத்தமாக வாந்தி எடுத்தேன். "பாஸ்கா முடிய வாங்கோ, வெட்டுவம்" என்றார் டாக்டர். என் வயதில் கத்தி பட்டால் பிழைப்பது பாதி, போவது பாதி. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மஹய்யாவ மயானத்தில் என்னைப் புதைக்க எந்த மூலை என்றுகூடச் சொல்லிவைத்தேன்.

என் மனைவி மரியம்மா நேர்ச்சை வைத்தாள். பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, மிளகாய் இல்லை, மாசிக் கருவாட்டுத் தூள்கூட இல்லை. காலையில் வல்லாரைக் கஞ்சி. மத்தியானம் வாழைக்காயும் மணத்தக்காளிக் கீரையும், தேங்காய்ப்பாலில் வெள்ளையாக. இரவு? அதே வாழைக்காய்!

நான் என்ன செய்தேன்? கவளத்துக்குக் கவளம், அவள் காதில் விழும்படி, "ஆண்டவரே, இந்த வேதனையையும் உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன்" என்றேன்.

"ஒப்புக்கொடுங்க… தட்டக் காலி பண்ணிட்டு ஒப்புக்கொடுங்க" என்பாள்.

"என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கதிரையில் இருந்தபடி கேட்டார் டாக்டர்.

பக்கத்தில் நின்ற மரியம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள். "போன வருசத் தவக்காலத்துலயும் இவருக்கு நோவு இல்லைங்க. பாஸ்கா அன்னைக்கு மாட்டுக்கறி தின்னாரு, திரும்ப வந்துருச்சு."

எனக்கும் அது தெரியும். ஆனால், தவக்காலத்தில் நோவு தணிந்தால் அது என் பக்திக்குக் கிடைத்த பலன், பாஸ்காவில் திரும்பினால் தேவ சோதனை – இப்படித்தான் நினைத்திருந்தேன். சாப்பாட்டை நினைக்கவே இல்லை. படித்தவன்!

"எப்பிடியெண்டு எனக்கும் விளங்கேல்லை" என்றார் டாக்டர். "இப்ப வெட்டத் தேவையில்லை. சாப்பாட்டை மட்டும் மாத்தாதேயுங்கோ."

வேலியோரம் மிதிபடும் ஒரு கீரை, கண் காணாத இருட்டுக்குள் இறங்கி, புண்ணைத் தேடிப் பிடித்து மூடுமா? கத்தியில்லாமல், சத்தமில்லாமல்… நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது.

ரிக்‌ஷாவில் வீடு திரும்பும்போது, "நல்ல வைத்தியக்காரிதான் நீ" என்றேன்.

"நான் எங்க வைத்தியம் பார்த்தேன்? உங்களக் கத்திக்கு அனுப்பப் பயமா இருந்துச்சுங்க. வேற என்ன செய்யன்னு தெரியல, ஆக்கிப் போட்டேன்" என்றவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அந்தப் பயத்தைத்தான் நான் இத்தனை நாளும் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். தின்றுவிட்டு, வேதனை எனக்கு என்று கடவுளிடம் முறையிட்டிருக்கிறேன்.

அன்று மத்தியானம் வாழைக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகுதான் மரியம்மா தன் வாயில் வைத்தாள்.

"ஐயையோ, உப்பே போடலையே! சொல்லக் கூடாதாங்க?"

சொல்வதா… நானா? இன்னும் கொஞ்சம் வாழைக்காய் போடச் சொன்னேன்.