ஏழாம் நம்பர் ஷெட்டின் பின்கதவு

ஜகதாம்பாளுக்கு வாய் திறப்பதற்கு முன்னால் கை நீண்டுவிடும். வங்காளத் தலைநகரில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பதினான்கு வயதில், டிராமில் வேண்டுமென்றே இடித்த ஒருவனைக் குடைக்கம்பியால் மூக்கில் குத்தி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்க வைத்தவள். கல்யாணமாகி எட்டாம் மாதம் புருஷன் கையை ஓங்கினான். ஓங்கினதோடு சரி, அதை முறுக்கிக் கீழே இறக்கியது இவள். அவன் பம்பாய்க்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவேயில்லை. இவள் தன் அப்பா வேலை பார்த்த கிடர்பூர் துறைமுகத்துக் கிடங்குக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். இன்று அது இல்லை, இருந்தபோதும் உருப்படியாக இருந்ததில்லை.

தொண்ணூற்றிரண்டு டிசம்பரில் ஊரடங்கு போட்டிருந்த வாரம். ஷெட்டுக்குள் ஒளிந்திருந்த பன்னிரண்டு கைவண்டிக்காரர்களைத் தேடிக்கொண்டு ஒரு கூட்டம் கத்தியும் கம்புமாக வந்தது. ஒளிந்தவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள், வந்தவர்கள் எந்தச் சாமியை என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியை எடுத்து, முன்னால் நின்றவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். இரண்டு பல் தெறித்தது. அவன் சட்டையெல்லாம் ரத்தம். பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்ல நழுவினார்கள். மணல் வாளியை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவள் என்று கம்பெனி அவளைப் பாதுகாப்புப் பிரிவில் போட்டது. நான் தமாஷ் பண்ணவில்லை, நிஜமாகவே அப்படித்தான் உத்தரவு வந்தது.

அன்றிலிருந்து, ஆபத்து என்று வந்தால் முதலில் அடி, யோசனை அப்புறம் என்பது அவளுடைய சித்தாந்தமாகிவிட்டது. பன்னிரண்டு உயிர் அந்தக் கையால் பிழைத்ததே, யார் அவளைக் குறை சொல்ல முடியும்?

இனி கதவுக்கு வருகிறேன். ஏழாம் நம்பர் ஷெட்டுக்கு முன்பக்கம் பெரிய ஷட்டர், வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்கும். பின்பக்கம், கால்வாயோரச் சந்துப் பக்கம் பார்த்து ஒரு இரும்புக் கதவு. தொண்ணூற்றெட்டில் அந்தக் கதவு வழியாகக் கிராம்பு மூட்டைகள் காணாமல் போயின. உடனே கம்பெனி அதற்கு வெளிப்பக்கம் இரண்டு பூட்டுப் போட்டது. ஒரு சாவி மேனேஜர் விஸ்வநாதனிடம். இன்னொன்று வாசலில் காவல் இருக்கும் தர்வான் ராம்பிரவேஷிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒருத்தனை நம்ப முடியாது, இரண்டு பேரை நம்பலாம் என்று கணக்கு. உள்ளே இருபத்துமூன்று பெண்கள் உட்கார்ந்து மசாலாச் சரக்கும் பழைய பஞ்சும் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு கடிதம் வந்தது. தார் எஸ் ஸலாம் ஊரில் ஒரு பல்கலைக்கழகம் பேரிடர் அபாயத்தைக் குறைப்பது பற்றி இரண்டு வாரக் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. ஆப்பிரிக்கத் துறைமுக ஊர்களின் ஆட்களோடு வெளியிலிருந்து மூன்று பேருக்கும் இடம் உண்டு, செலவெல்லாம் அவர்களுடையது. போக வேண்டியவர் விஸ்வநாதன். அவர் மார்கழிப் பனிக்குக் காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில்தான் அதை அவிழ்க்கிற ஆசாமி. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டால்தான் விசா என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

“ஊசின்னாலே நேக்கு மயக்கம் வந்துடும் ஜகதா. நீங்க போய்ட்டு வந்துடுங்கோளேன்.”

“நன்னாருக்கு சார். ஊசிக்கு பயந்துண்டு ஒரு கண்டத்தையே எந்தலையில கட்டறேளே,” என்றாள் ஜகதாம்பாள். ஆனால் போனாள்.

அங்கே பாடம் நடத்தியவள் நேமா என்ற இருபத்தெட்டு வயதுப் பெண். ஜகதாம்பாளுக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். கழுத்தில் விசிலும் ஸ்டாப்வாட்சும் தொங்கும். மூன்றாம் நாள், எல்லோரையும் கால்பந்து மைதானத்துக்கு அழைத்துப் போனாள். அவரவர் வேலை செய்யும் இடத்தை, அதே நீள அகலத்தில், சுண்ணாம்புத் தூளால் தரையில் வரையச் சொன்னாள். ஜகதாம்பாள் ஏழாம் நம்பர் ஷெட்டை வரைந்தாள்; பின்கதவு வரும் இடத்தில் ஒரு மரக் கதவை நிறுத்தி இரண்டு பூட்டுப் போட்டார்கள். முன்பக்கம் ஈர வைக்கோலைக் கொளுத்தினார்கள். புகை கண்ணைக் கரித்தது. மொசாம்பிக்கிலிருந்து வந்திருந்த ஒரு தீயணைப்புக்காரரைத் தர்வானாக்கி, மதியச் சாப்பாட்டுக்கு என்று மைதானத்தின் மறுகோடிக்கு அனுப்பினாள் நேமா. ஜகதாம்பாளை மேனேஜராக்கி, கையில் ஒரே ஒரு சாவியைக் கொடுத்தாள்.

ஜகதாம்பாள் ஓடினாள், தன் பூட்டைத் திறந்தாள், நின்றாள். இன்னொரு பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே இருந்தவர்கள், அதாவது அவளுடைய சக மாணவர்கள், “செத்துப் போனோம், செத்துப் போனோம்” என்று ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஒற்றைச் சாவியோடு நிற்பதைப் போல ஒரு கேவலம் உலகத்தில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மொசாம்பிக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, ஆத்திரத்தில் அவர் தோளில் நான்கு சாத்துச் சாத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நேமா சிரிக்கவில்லை. வாட்சைப் பார்த்து ஆங்கிலத்தில், “அம்மா, நீங்கள் இவரை அடிக்க எடுத்துக்கொண்டது பதினோரு வினாடி. அதில் நான்கு பேர் வெளியே வந்திருக்கலாம்” என்றாள்.

“அவர் சீக்கிரம் வந்திருக்கலாம்,” என்றாள் ஜகதாம்பாள்.

ஊர் திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், கிடங்கு முற்றத்தில் சுண்ணாம்புத் தூள் போட்டது. இருபத்துமூன்று பெண்களையும் உள்ளே நிறுத்தி, கண்ணைக் கட்டி, வெளியே வரச் சொன்னாள். முதல் நாள் முழுக்கச் சிரிப்பும் கும்மாளமும்தான். அவர்களில் மூத்தவள் மைனா மாஷி, அதாவது மைனாச் சித்தி. நல்ல சரீரம், வெற்றிலை வாய், எல்லோரையும் அதட்டுகிற குரல். ஒவ்வொருத்தி முதுகிலும் தட்டித் தலையை எண்ணி முன்னால் தள்ளிவிட்டு, எத்தனை தடவை செய்தாலும் கடைசியாகத்தான் வருவாள்.

“ஏன் மாஷி, முன்னாடி வந்தா என்ன?” என்று வங்காளியில் கேட்டாள் ஜகதாம்பாள்.

“என் உடம்பைப் பாரு தீதி. நான் முன்னாடி போய் வாசல்ல சிக்கிக்கிட்டா பின்னாடி இருக்கிறதுங்க கதி?” மாஷி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். “பூட்டு ரெண்டா நாலாங்கிறதை விடு. அந்தக் கதவோட கீல் துருப்பிடிச்சுக் கிடக்கு. வெளியே இருந்து ஒரு கைவண்டியால மூணு இடி இடிச்சா சாய்ஞ்சிடும்.”

இதையெல்லாம் எழுதி, பூட்டுகளில் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று ஜகதாம்பாள் அறிக்கை கொடுத்தாள். விஸ்வநாதன் அதை மேலே அனுப்பினார். மேலிருந்து ‘கவனிக்கப்பட்டது’ என்று ஒரு வார்த்தை வந்தது.

“நீங்களே எடுத்துடுங்கோ சார்.”

“எடுத்துட்டு, நாளைக்கு ஒரு மூட்டை கொறஞ்சா எந்தலைதான் உருளும். நேக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு ஜகதா.”

“உள்ள இருபத்துமூணு தலை இருக்கு.”

“பகவான் பாத்துப்பார்.”

அன்றைக்கே அவரை அறைந்திருப்பாள். மேஜை குறுக்கே இருந்தது. கொடுக்காமல் போன அந்த அறை அவள் உள்ளங்கையில் ஐந்து மாதம் இருந்தது.

அடுத்த ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஷட்டர் பக்கத்து மின்பெட்டியிலிருந்து ஒரு பொறி பஞ்சுப் பொதியில் விழுந்தது. பக்கத்தில் பெயிண்ட் கரைக்கும் திரவம் பீப்பாய் பீப்பாயாக இருந்தது. முதல் பீப்பாய் வெடித்தபோது எதிர்க் கட்டிடத்தில் இருந்த ஜகதாம்பாளின் மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டது. அவள் எட்டிப் பார்த்தபோது ஷட்டர் இருந்த இடத்தில் நெருப்பு மட்டும்தான் இருந்தது. ஒரு சுமைக்காரன் முதுகில் தீயோடு வெளியே ஓடி வந்து, முற்றத்தில் விழுந்து, கத்துவதை நிறுத்தினான்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்சந்துக்கு ஓடினாள். அவள் பின்னால் வண்டிக்காரர்கள், டீக்கடைக்காரர்கள், சந்தில் போனவர்கள் என்று முப்பது நாற்பது பேர். இரும்புக் கதவை உள்ளேயிருந்து கைகள் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டவன் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டான். கதவுக்கு முன்னால் விஸ்வநாதன் நின்றிருந்தார். அவர் கை பூட்டின் மேல் இருந்தது.

பூட்டுகிறார் என்று நினைத்தாள். ஐந்து மாதமாகக் காத்திருந்த கை நீண்டது.

முதல் அறையில் அவர் மூக்குக்கண்ணாடி பறந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாயிலேயே இரண்டாவது விழுந்தது. மூன்றாவது முஷ்டி. “பாவி! மூட்டையா பெருசு? மூட்டையா?” என்று கத்திக் கத்தி அடித்தாள். அவள் கை ஓய்வதற்குள் கூட்டம் புகுந்தது. ஒருவன் செங்கல்லால் தாடையில் இடித்தான். எலும்பு உடைந்தது காதில் கேட்டது. கீழே விழுந்தவரை மாறி மாறி மிதித்தார்கள். “தூக்கி நெருப்புலயே போடு!” என்று ஒருவன் கத்தினான்.

அப்போதுதான் அவர் கையிலிருந்து சாவி தெறித்து வந்து அவள் செருப்பில் பட்டது. பக்கத்தில், வாய் திறந்த ஒரு பூட்டு தரையில் கிடந்தது. கதவைப் பார்த்தாள். ஒரே ஒரு பூட்டுத்தான் தொங்கியது.

ராம்பிரவேஷ் சாப்பிடப் போயிருக்கிறான். இந்த மனிதர் ஓடி வந்து, தன் பூட்டைத் திறந்துவிட்டு, ஒற்றைச் சாவியோடு நின்றிருக்கிறார். இன்னொரு பூட்டைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். விரல் நகம் பெயர்ந்து தொங்கியது. அந்த மைதானத்தில் அவள் நின்ற அதே இடத்தில்தான் அவர் நின்றிருக்கிறார். அந்தச் சந்தில் இது புரியக்கூடிய ஒரே ஆள் அவள். புரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தாள்.

விஸ்வநாதன் மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டாள். ஒரு கம்பு அவள் தோளில் இறங்கியது, இன்னொன்று இடுப்பில்.

“அடிக்கற கையால கதவை அடிங்கோடா! கதவை அடிங்கோ!”

தமிழில்தான் கத்தினாள். அங்கே ஒருவனுக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அவள் எழுந்து, சந்தில் நின்ற கைவண்டியின் நுகத்தைப் பிடித்து இழுத்ததைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். முதல் இடி. இரண்டாவது இடியில் உள்ளேயிருந்து வந்த தட்டல் சத்தம் குறைந்துபோயிற்று. மூன்றாவதில் கீல் பெயர்ந்து கதவு கோணலாகச் சாய்ந்தது. மாஷி சொன்ன கணக்கு பிசகவில்லை.

புகையோடு பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தியாக வந்து விழுந்தார்கள். ஒருத்திக்குத் தலைமுடி முழுக்கக் கருகியிருந்தது. ஒருத்தி ரத்த வாந்தி எடுத்தாள். ஜகதாம்பாள் ஒவ்வொருத்தியாக இழுத்துப் போட்டு எண்ணினாள். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினாள். இருபத்திரண்டுதான். உள்ளே போகப் பார்த்தவளை வண்டிக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கையைக் கடித்துப் பார்த்தாள், அவர்கள் விடவில்லை.

சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் மைனா மாஷியை வெளியே கொண்டுவந்தார்கள். கதவிலிருந்து மூன்று முழம் உள்ளே கிடந்தாளாம். இரண்டு கையும், முன்னால் போகிறவளைத் தள்ளுவது போலவே, நீட்டியபடி இருந்தனவாம்.

விசாரணை வந்தது. மின்பெட்டி, பீப்பாய், இரண்டு பூட்டு, தர்வானின் சாப்பாட்டு நேரம் என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். மேனேஜரை அடித்தது யார் என்றபோது கிடர்பூரே ஊமையாகிவிட்டது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்த விஸ்வநாதன், ‘புகையில் யாரையும் தெரியவில்லை’ என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். பக்கத்தில் நின்ற ஜகதாம்பாள் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தாள்.

“எதுக்கு சார் பொய் எழுதறேள்? மொத அடி என்னோடது,” என்றாள் அவரிடம். அதிகாரியிடம் திரும்பி ஆங்கிலத்தில் அதையே சொன்னாள்.

மறுநாள் காலை அவள் தனியாகப் பின்சந்துக்குப் போனாள். கதவில்லாத வாசலுக்கு முன்னால் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, காற்றில் மூன்று தடவை அறைந்தாள். கூட்டம் மிதித்த நேரத்துக்கு நின்றாள். குப்புற விழுந்தாள், எழுந்தாள், நான்கடி நடந்து வண்டி இருந்த இடத்தைத் தொட்டாள். டீக்கடைக்காரர்கள் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். ஐம்பத்திரண்டு வினாடி. திரும்பச் செய்தாள். ஐம்பது.

மூன்று முழம் தாண்ட ஐம்பது வினாடி எதற்கு? நான்கு வினாடி போதும்.

பதினோராம் நாள், மாஷியின் மகள் புதுலின் வீட்டுக்குப் போனாள். இரயில் பாதை ஓரத்தில் ஒரே அறை. புதுல் அவளைப் பார்த்ததும் காலைத் தொட வந்தாள். “நீங்க மட்டும் வண்டியைப் பிடிக்கலேன்னா ஒருத்தியும் பொழைச்சிருக்க மாட்டாள்னு எல்லாரும் சொல்றாங்க தீதி.”

“தொடாதே,” என்றாள் ஜகதாம்பாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டின் மேல் இருந்த கையை, தன் மூன்று அறைகளை, ஐம்பது வினாடியை. எதையும் குறைக்கவில்லை, அழவும் இல்லை. “அவரை அடிக்காம நேரா வண்டியைப் பிடிச்சிருந்தா உன் அம்மா வெளியே வந்திருப்பா.”

புதுல் ஓரடி முன்னால் வந்தாள். பிறகு அறைந்தாள். கன்னத்தில் ஒன்று, அதே கன்னத்தில் இன்னொன்று, பிறகு இரண்டு கையாலும் மார்பில், தோளில், கம்பு விழுந்து இன்னும் ஆறாமல் இருந்த அந்தத் தோளில். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து பிடித்து இழுக்கும்வரை அடித்தாள்.

ஜகதாம்பாளின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.