நாலு மணி நேரத் தூரம்

அம்மாவின் தம்பிக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் வேலை. மெட்ராஸ் துறைமுகம் வரைக்கும் போய் வருகிறவர். விமானத்தில் கால் வைத்ததில்லை. ஆனால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால், கேட்டவர் வாய் மூடுவதற்குள் சொல்லிவிடுவார்.

நர்ஸாக இருந்த அம்மா குவைத்துக்குக் கிளம்பிய அன்று நான் அவள் சேலையை விடவில்லை. எனக்கு ஏழு வயது. மாமாதான் என்னைப் பிய்த்துத் தூக்கிக்கொண்டார்.

“இன்னா பெரிய தூரம்? பிளேன்ல ஏறுனா நாலு மணி நேரம். பஸ்ல மெட்ராஸ் போகவே அவ்ளோ நேரம் ஆவுது. உங்கம்மா மெட்ராஸ்ல இருக்கான்னு நெனச்சிக்கோ.”

அந்த விமானம் பம்பாயில்தான் கிளம்பும், பம்பாய்க்கே ரயிலில் நாள் கணக்காகப் போகவேண்டும் என்பதையெல்லாம் மாமா முழுங்கிவிட்டார். நான் நம்பினேன். அழுகை வரும்போதெல்லாம் மெட்ராஸ் பஸ்ஸை நினைத்துக்கொள்வேன். வேலூர், ஆற்காடு, அப்புறம் கொஞ்சம் தூக்கம், அம்மா.

மறுவருஷம் மழைக்காலத்தில் அப்பா செத்துப்போனார். கம்பெனியில் தோல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாமா குவைத்துக்குத் தந்தி கொடுத்தார். எங்கள் வீடுகளில் கட்டினவள் முகம் பார்க்காமல் சவப்பெட்டியை மூடமாட்டார்கள். அதனால் வாணியம்பாடியிலிருந்து ஐஸ் கட்டி வந்தது.

நான் அழவில்லை. என்ன கல்நெஞ்சு பாரு இந்தப் பெண்ணுக்கு என்று அத்தை எல்லோரிடமும் சொன்னாள். எனக்கென்ன, அம்மா வரப்போகிறாள். மெயின் ரோட்டில் ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஐஸ் தாங்கவில்லை. தோல் ஊரில் வாடைக்கு யாரும் மூக்கைப் பிடிக்கமாட்டோம். அன்றைக்குப் பிடித்தார்கள். பாஸ்டர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தபடியே, “மூடிடுங்க” என்றார்.

“நாலு மணி நேரம்தானே மாமா? இன்னும் கொஞ்சம் பாக்கலாம்” என்று நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். மாமா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அதற்கப்புறம் அவர் எந்த ஊருக்கும் நேரம் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா அடுத்த கோடையில்தான் வந்தாள். நேராகக் கல்லறைக்குப் போனோம். அவளும் அழவில்லை, மண்ணைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிளேன் கிடைக்கலையா என்று கேட்டேன்.

“பிளேன் தெனமும் இருந்துச்சு. பாஸ்போர்ட்தான் கிடைக்கல.”

அவள் வேலை பார்த்தது ஒரு பணக்கார வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவருக்குத் துணையாக. வேறு நர்ஸ் அமைகிறவரை அனுப்பமுடியாது என்று, வீட்டுக்காரர் அவள் பாஸ்போர்ட்டைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். காலில் விழுந்து கேட்டிருக்கிறாள். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது, நான் பென்சிலைத் தொலைப்பதுபோல அம்மாவும் எதையோ தொலைத்துவிட்டாள் என்பதுதான்.

“துணிக்கெல்லாம் அடியில நல்லா தேடினியாம்மா?” என்றேன்.

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். தேடினாயா என்று கேட்டதற்குப் போய் ஒருத்தி இப்படி அழுவாளா என்று இருந்தது எனக்கு.