உப்பு மண்டியை விட்டு வந்தவர்

என் வீட்டுக்காரர் ஜான்சனுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு நியாயம் கைவசம் இருக்கும். அந்த நியாயம்தான் என்னைப் பாதி உயிராக்கியது.

ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் இருபது வருடத்துக்கு மேல் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டவர் அவர். லாரியில் வந்து இறங்கும் ஆட்டுத் தோலை விரித்து, கல்லுப்பை அள்ளி வீசித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் உப்பு கொட்டும். போன வருடம் மண்டிக்கு வந்த மருத்துவ முகாமில் பிரஷர் பார்த்தார்கள். நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, "உப்பைக் குறைங்க, பீடியை விடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மண்டி வேலையை விட்டுவிட்டு, பதனிட்ட தோலுக்குச் சாயம் அடிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். ஒரு மாதம் மாத்திரை போட்டார். மறுபடி பார்த்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. அவ்வளவுதான், மிச்ச மாத்திரையைத் தூக்கி அலமாரி மேல் போட்டுவிட்டார்.

"செத்த ஆட்டுத் தோல்லயே இந்தப் பக்கம் போட்ட உப்பு அந்தப் பக்கம் வரைக்கும் எறங்குது. உயிரோட இருக்குற என் தோல்ல எறங்காதா? கை வழியா ஏறின உப்புடி அது. இப்பதான் மண்டியை வுட்டுட்டேனே, அப்புறம் மாத்திரை இன்னாத்துக்கு?"

"மாத்திரையாலதாங்க எறங்குச்சு. தினம் கருவாடும் ஊறுகாயும் துன்றீங்களே, அதுல உப்பு இல்லியா?"

"அது வாய்க்கு ருசிடி, ஒடம்புல ஏறாது" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்ற வைப்பார்.

அவருடைய அண்ணன் குடியாத்தத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவருக்கும் இதே பிரஷர், இதே பீடி, போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. பல வருஷமாக எதையும் கண்டுகொள்ளாமல் இருந்தார். ஒருநாள் காலையில் ஒரு பக்கமே விழுந்துவிட்டது. வாய் கோணி, தம்பி பேரைக்கூடச் சொல்ல முடியாமல் அவர் அழுததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து இவர் தும்மினால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

மாத்திரை என்று நான் வாயைத் திறந்தால் போதும். அண்ணனைப் போலவே வாயை ஒரு பக்கம் இழுத்து, கண்ணைச் செருகி, கையைத் தொங்கப் போடுவார். நான் பதறி எழுந்ததும் கடகடவென்று சிரிப்பார். பயந்தாங்கொள்ளி என்பார். பாவி மனுஷன், எதில் விளையாடுவது என்ற விவஸ்தையே கிடையாதா? அறைந்துவிடலாமா என்றுகூடத் தோன்றும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல மாத்திரைப் பேச்சை எடுத்தேன். அவர் வாய் கோணியது. மென்ற சோறு உதட்டோரம் வழிந்தது.

"போதும், நிறுத்துங்க. எனக்குச் சிரிப்பு வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவரும் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பு உருளும் சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வலது கை மடியில் கிடந்தது. அதை இடது கையால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் செருகவில்லை. அகலத் திறந்து என்னையே பார்த்தது. அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

ஐயோ ஆண்டவரே என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஹபீப் அண்ணன் ஓடி வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். இரண்டு பேருமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

வேலூர் போகும் வழியில் பள்ளிகொண்டா தாண்டும்போது வாய் நேரானது. விரல்கள் லேசாக அசைந்தன. ஹபீப் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "அல்லா காப்பாத்திட்டான் தங்கச்சி. சரியாப் போச்சு போலக்குதே, வீட்டுக்குத் திருப்பட்டுமா?" என்றார்.

"திருப்பாதீங்கண்ணா! நேரா வேலூர் ஆஸ்பத்திரிக்கே போங்க!" என்று கத்தினேன். இவர் ஏதாவது நியாயம் பேசுவார், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். அவரோ அந்த வலது கையால் என் புடவையைப் பிடிக்கப் பார்த்தார். பிடி நிற்கவில்லை. நானே அந்தக் கையை எடுத்து இறுக்கிக்கொண்டேன்.

"நான் விளையாடலடி, கிறிஸ்டினா" என்றார். நாக்கு இன்னும் குழறியது. "அந்த மாத்திரையை எடுத்துக்கினு வந்தியா?"