பாதாள ரயிலுக்குத் தாயார் உண்டா?

என் வீட்டுக்காரரைப் பொது இடத்தில் "யாரோ" என்று நான் சொன்னது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. அங்கே இருந்திருந்தால் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

கிள்ளானில் நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எழுதிப்போட்ட இடத்தில் எல்லாம் வயதைப் பார்த்ததும் வாயே திறக்கவில்லை. கடைசியில் புக்கிட் பிந்தாங்கில் ஒரு ஹோட்டலில் மட்டும், துணி துவைக்கும் பகுதிக்கு சூப்பர்வைசர் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பத்தரை மணிக்கு நேர்காணல். இதுவும் போனால் காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

இவர் போர்ட் கிள்ளானில் முப்பது வருஷம் கன்டெய்னர் லோரி ஓட்டி ஓய்ந்தவர். பூமிக்கு அடியில், அதுவும் டிரைவரே இல்லாமல் ஓடும் ரயிலில் பெண்டாட்டி தனியாகப் போவதா என்று கூடவே கிளம்பிவிட்டார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்து, பாதாள ஸ்டேஷனுக்கு எஸ்கலேட்டரில் இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "குளுகுளுன்னு இருக்கு லா" என்று சமாளித்தார்.

கீழே போனதும் சட்டைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"இது எதுக்கு?"

"மொத மொத ஏறுற வண்டி. சக்கரத்துல வச்சு நசுக்க வேணாமா?"

புது லோரி வந்தாலும், மகன் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் வண்டியை நகர்த்துவார். ஆனால் இங்கே பிளாட்பாரத்தின் ஓரத்தில் தரையிலிருந்து மேலே வரை கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்றால்தான் கதவே திறக்கும். மனிதர் விடுவாரா? அங்கே நின்ற காவலரிடம் போய், "போஸ், தாயார் மானா?" என்றார். மலாயில் டயரைத் தாயார் என்பார்கள்; லோரி ஓட்டி ஓட்டி இவருக்குத் தமிழ் பேசும்போதும் அதே சொல்தான். டயர் எங்கே என்று கேட்கிறாராம். காவலர் தலையைச் சொறிந்தார்.

பக்கத்தில் பெட்டியோடு ஓர் அம்மா நின்றிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர் போல. பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, உங்க தாயாரைக் காணோமா?"

"ஆமாம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கீழ இருக்கு."

"அடக் கடவுளே! விழுந்துட்டாங்களா?"

"விழல. அங்கதான் எப்பவும் இருக்கும். வரிசையா எட்டுப் பத்து இருக்கும். எனக்கு ஒண்ணு போதும். இத வச்சு நசுக்கணும்."

அந்த அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு நாலடி பின்னால் போனார். பிறகு என்னிடம் மெல்ல, "இவர் உங்ககூட வந்தவரா?" என்றார்.

"யாரோ. எனக்குத் தெரியாதுங்க."

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. நான் ஏறிவிட்டேன். இவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காவலருக்கு விளக்கிக்கொண்டே இருந்தார். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் வாய் மட்டும் அசைந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவர் பேசி எனக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. ஆகா, என்ன சுகம்! புக்கிட் பிந்தாங் வரும்வரை கைப்பையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்ததில் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நேர்காணலில் என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தேன். அதே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த ரயில்ல வந்திருக்கலாம்ல?"

"நான் அங்க வந்து, நீ இங்க வந்து, மாறிப்போயிட்டா? எப்படியும் இங்கதானே திரும்பி வருவே."

மூன்று மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பாவமாகிவிட்டது.

"வேலை?"

"கெடச்சிருச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து."

"தினமும் இதுலயா?"

"தினமும். தனியாத்தான் போவேன்."

எலுமிச்சம்பழத்தை மறுபடியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம், "சரி. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றார்.

ஜோகூருக்கும் பினாங்குக்கும் இவர் லோரி எடுத்துப் போன ஒவ்வொரு முறையும் நான் சொல்லி அனுப்பிய வார்த்தை அது. இவர் ஒரு தடவைகூடப் பண்ணியதில்லை.

"ஞாபகம் இருந்தா பண்றேன்" என்றேன்.